சைபரைச் சைபரால் வகுத்த தாய்மாமன்

சீர்த்தட்டு இடிக்குதுங்களா? சித்தெ இருங்க, மடியில வெச்சுக்கறேன். மேல வெச்சா பூ நசுங்கிப்போயிரும். உக்காருங்க, உக்காருங்க. நீங்க எதுவரைக்கும்? காங்கேயமா? நான் பொங்கலூருங்க. மண்டபம் ரோட்டு மேலயேதான், சொன்னா டிரைவர் நிறுத்துவாரு.

கல்யாணத்துக்குத்தான். எங்கக்கா பொண்ணு மிருதுவுக்கு. ஆமாங்க, நான்தான் தாய்மாமன். எங்கக்காளுக்குக் கூடப் பொறந்தது நான் ஒருத்தன்தான். முகூர்த்தத்துக்கு முன்னால பொண்ணு நெத்தியில பட்டம் கட்டறது எங்க பக்கத்துல தாய்மாமன்தானுங்க. தட்டுல அந்தச் செவப்புத் துணி சுத்தி இருக்குது பாருங்க, அதுக்குள்ளதான் பட்டம். பட்டுச்சேலை கீழ இருக்குது. மிருதுவுக்குக் கிளிப்பச்சைதான் புடிக்கும்னு கடை கடையா ஏறி எடுத்தேன்.

தாய்மாமன் கல்யாணத்தன்னைக்குக் காலைல பஸ்ல போறானேன்னு பாக்கறீங்க. நீங்க கேக்கல, ஆனா மூஞ்சியில தெரியுது. எங்க வீட்டம்மா நேத்தே போயிட்டா, பையனையும் கூட்டிட்டு. போறப்ப வாசல்ல நின்னு சொல்றா, "வாயத் தொறக்காம இருக்கறதா இருந்தா வாங்க, இல்லீன்னா வராதீங்க"ன்னு. நான் வாயத் தொறந்து கெட்ட வார்த்தையா பேசறேன்? விளக்கம் சொல்றேன். விளக்கம் சொல்றது ஒரு குத்தமுங்களா?

நீங்க என்ன வேலைங்க? பள்ளிக்கூடத்து ஆபீஸ்லயா? அட, அப்ப உங்களுக்குச் சட்டுன்னு புரியும். எனக்குப் புரியாத ஆளுங்ககிட்டச் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு. உங்களுக்குச் சொல்றேன் கேளுங்க. பல்லடம் வர்றதுக்குள்ள முடிச்சர்றேன்.

நான் கோயமுத்தூர்ல கணபதிப் பக்கம் ஒரு கம்பெனியில இருந்தேனுங்க. கண்ட்ரோல் பெட்டி பண்ற கம்பெனி. குளிர் ரூமு, கோழிக்குஞ்சு பொரிக்கற ஹேச்சரி, இதுக்கெல்லாம் உள்ள எத்தனை டிகிரி இருக்குதுன்னு பாத்து, ஹீட்டரப் போடறது, அணைக்கறது, தப்பாப் போனா மணி அடிக்கறது. பெட்டிக்குள்ள ஒரு சின்ன சிப்பு இருக்கும், அதுக்கு என்ன பண்ணோணும்னு எழுதறது என் வேலை. 'சி'ன்னு ஒரு கம்ப்யூட்டர் மொழி. பழைய மொழிதான், ஆனா மொழின்னா அதுதானுங்க. இப்ப வர்ற புள்ளைங்க எழுதறதெல்லாம் மொழியே கிடையாது. அத விடுங்க.

எங்கக்கா துளசிமணியும் மச்சானும் பொங்கலூர்ல சின்னதா ஒரு ஹேச்சரி வெச்சிருந்தாங்க. நாட்டுக்கோழிக் குஞ்சு. அடைக்கோழி பண்ற வேலைய மெஷின் பண்ணும், அவ்வளவுதான். மூணு வாரம் சூடு ஏறாம இறங்காம காப்பாத்திட்டா குஞ்சு வந்துரும். அதுல எங்கக்கா கெட்டிக்காரி. கடைசி ரெண்டு நாள்ல முட்டைக்குள்ள இருந்தே சத்தம் வருமுங்க. கதவத் தொறந்து காத வெச்சுக் கேட்டு, இந்தத் தட்டு முட்டை நாளைக்குப் பொரியும், அந்தத் தட்டு நாளான்னைக்குன்னு சொல்லிப்போடுவா. நான் சிரிப்பேன். மெஷின்ல எல்லாம் காட்டும்போது எதுக்குக்கா காதும்பேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். சூடு பாக்கறதுக்கு ஒரு சென்சார் இருக்கும், அதுல இருந்து ஒரு ஒயரு. அந்த ஒயரு புட்டுக்கிச்சுன்னா, இல்ல எலி கடிச்சுருச்சுன்னா, எத்தனை டிகிரின்னு பெட்டிக்குத் தெரியாது. தெரியாதப்ப என்ன பண்றது? எனக்கு முன்னாடி இருந்தவன் எவனோ, அந்த மாதிரிச் சமயத்துல தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொன்பதுன்னு போட்டு வெச்சிருந்தான். தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொன்பது டிகிரி! முட்டை இருக்கட்டும், கட்டடமே இருக்காதுங்க. அது பச்சப் பொய். ஒயரு லேசா ஆடினாப் போதும், தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொன்பதுன்னு காட்டி மணி அடிச்சு ஊரக் கூட்டும். மாசக் கடைசியில சராசரி பாத்தா நாறிக் கெடக்கும். பாக்கப் பாக்க எனக்கு ஆத்திரமா வரும். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லோணும். எதுக்கு ஒரு பொய் நம்பர்?

நீங்க பள்ளிக்கூடம்னீங்களே. பரீட்சைக்கே வராத பையனுக்கு நீங்க சைபர்னா போடுவீங்க? மாட்டீங்கல்ல? ஆப்சென்ட்டுன்னு போடுவீங்க. அதேதானுங்க. சி மொழியில அதுக்குன்னு ஒரு எண்ணு இருக்குது. எண்ணுன்னு சொல்லக்கூடாது, அதுக்குப் பேரே நம்பர் இல்லைங்கறதுதான். நம்பர் வெக்கற இடத்துல வெக்கலாம், ஆனா அது நம்பர் கிடையாது. திரையில என், ஏ, என்னுனு மூணு இங்கிலீஷ் எழுத்தா வரும். இது எவ்வளவு பெரிய விஷயம்னு யாருக்காவது புரியுதுங்களா? ஒரு மெஷின், எனக்குத் தெரியலைங்கறத மனசாரச் சொல்லுது.

அத எப்படி உண்டாக்கறதுங்கறீங்க? அதுக்குப் பல வழி. மொழியோட கூடவே வர்ற லைப்ரரியிலயே அதுக்கு ஒரு பேர் வெச்சிருக்கான், அந்தப் பேர எழுதினா வந்துரும். மைனஸ் ஒண்ணுக்கு வர்க்கமூலம் கேட்டா வரும். முடிவில்லாததுல இருந்து முடிவில்லாதத கழிச்சா வரும். எனக்குப் புடிச்சது சைபரைச் சைபரால் வகுக்கறதுங்க. ஒரே வரி. முழு எண்ணுல இதப் பண்ணுனா புரோகிராம் படுத்துக்கும், புள்ளி வெச்ச எண்ணுல பண்ணோணும். சைபர் புள்ளி சைபர், கீழ சைபர் புள்ளி சைபர். பள்ளிக்கூடத்துல இதப் பண்ணுனா வாத்தியார் பெஞ்சு மேல ஏத்துவாரு, இங்க அதுதான் சரியான விடை. சில கம்ப்யூட்டர்ல முன்னால ஒரு மைனஸ் வேற போட்டுக்கிட்டு வரும். நம்பரே இல்லாததுக்கு என்னங்க மைனஸ்? நான் தனியா உக்காந்து சிரிச்சிருக்கேன்.

இன்னொண்ணு கேளுங்க. அதுகிட்ட எதக் கேட்டாலும் இல்லைன்னுதான் சொல்லும். நீ முப்பத்தஞ்சுக்கு மேலயா? இல்ல. கீழயா? இல்ல. சரியா முப்பத்தஞ்சா? இல்ல. சரி, நீயும் நீயும் ஒண்ணுதானா? அதுக்கும் இல்லைன்னே சொல்லும். ஆப்சென்ட்டு ஆனவன் பாஸா பெயிலான்னா என்ன சொல்லுவீங்க? ரெண்டும் இல்லைன்னுதான? அந்த மாதிரி.

நிலோபர்னு ஒரு பொண்ணு என் கீழ வேலைக்கு வந்துச்சு. வீடு கரும்புக்கடைப் பக்கம். நல்ல பொண்ணுதான், நான் இல்லைன்னு சொல்ல வர்ல. அது கேட்டுச்சு, "சார், எதக் கேட்டாலும் இல்லைன்னா, ஹீட்டர் கதை என்னாகும்? குளிர்ந்திருச்சான்னு கேப்போம், இல்லைம்பான். சூடு ஜாஸ்தியான்னு கேப்போம், அதுக்கும் இல்லைம்பான். அப்ப எல்லாம் சரியா இருக்குதுன்னு பெட்டி நெனச்சுக்குமே சார்?"ன்னு. எனக்குத் தெரியாதுங்களா அது? அதுக்குத்தான் முதல் வரியிலயே ஒரு சோதனை வெச்சிருந்தேன். வந்தது நம்பரா, இல்லையா? இல்லைன்னா உடனே ஹீட்டர அணை, மணி அடி. எழுதியிருக்கேன் பாரும்மான்னு காட்டினேன். இன்னைக்கும் அந்த வரி அங்க இருக்குது. என்னை யாரும் எழுதலைன்னு சொல்ல முடியாது. நீங்க ஞாபகம் வெச்சுக்கோங்க, எழுதியிருந்தேன்.

சூலூர் தாண்டிருச்சுங்களா? சரி, சரி.

இப்பத்தான் முக்கியமான இடம். நாம எழுதறத சிப்புக்குப் புரியற மாதிரி மாத்திக் குடுக்கறவன் கம்பைலர்னு ஒருத்தன். அவனுக்குச் சில உத்தரவு குடுக்கலாம். வேகமாக் கணக்குப் போடுன்னு ஒரு உத்தரவு இருக்குது. நான் அத பல வருஷமா போட்டுட்டு வர்றேன், என் கை வழக்கம் அது. எங்க பெட்டி சிப்பு விலை கம்மி, மெதுவாத்தான் ஓடும், வேகம் வேணுமில்லீங்க. அந்த உத்தரவுக்கு ஒரு சின்ன அர்த்தம் இருக்குது. நம்பர் இல்லாத நம்பர் என் புரோகிராம்ல எங்கயும் வராது, நீ அதப் பத்திக் கவலைப்படாதேன்னு கம்பைலருக்கு நாம சொல்ற மாதிரி. ஒரு பேச்சுக்குங்க. அவன் என்ன பண்ணினான்னா, அப்படியே நம்பிக்கிட்டான். வரவே வராததுக்கு எதுக்குச் சோதனைன்னு, நான் எழுதி வெச்ச வரிய எடுத்து வீசிட்டான். என்னைக் கேக்கல. நான் எழுதின வரிய, என்னைக் கேக்காம! இதுக்கு யார் பொறுப்புங்கறீங்க?

சொல்லாம வீசினான்னு சொல்ல முடியாது. எச்சரிக்கை மாதிரி ஒரு வரி வந்துச்சு. எச்சரிக்கை எத்தனையோ வருமுங்க, எல்லாத்தையும் படிச்சுக்கிட்டிருந்தா வேலை நடக்குமா? நிலோபர் பாத்துட்டு வந்து சொல்லுச்சு, "சார், அந்த உத்தரவையும் இந்தச் சோதனையையும் ஒண்ணா வெக்கக்கூடாதாம்"னு. எச்சரிக்கைதானம்மா, தப்புன்னு வர்லயேன்னேன். அது தலைய ஆட்டிட்டுப் போயிருச்சு. இப்ப ஊரெல்லாம் சொல்றாங்க, அந்தப் பொண்ணு சொல்லுச்சு, நான் கேக்கலைன்னு. ஒருக்காத்தானுங்க சொல்லுச்சு! சந்தேகம் இருந்திருந்தா ரெண்டாவது தடவை வந்து சொல்லியிருக்கோணுமா இல்லையா? மெதுவா வேற பேசும். பக்கத்துல மெஷின் ஓடற சத்தத்துல பாதி கேக்காது.

அனுப்பறதுக்கு முன்னால ஆபீஸ் மேஜை மேல வெச்சு, சென்சார் ஒயரப் புடுங்கிச் சோதிச்சுப் பாத்தேன். மணி அடிச்சுது. மறுபடி மாட்டினேன், நின்னுச்சு. மேஜையில சோதிக்கறப்ப அந்த வேக உத்தரவு போட மாட்டோம், வெளிய போற பெட்டியில ஏத்தறப்பத்தான் போடுவோம். அதனால மேஜையில எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு. ஆபீஸ்ல எல்லாத்துக்கும் மைசூர்பாகு வாங்கிக் குடுத்தேன். மொதப் பெட்டி எங்கக்காளுக்குத்தான் போகோணும்னு நானே எடுத்துட்டுப் போய், பழசக் கழட்டிட்டு மாட்டிக் குடுத்தேன். மச்சான் வேண்டாம்னாரு. "பழசே நல்லாத்தான மாப்ள ஓடுது, சும்மா சும்மா மணி அடிச்சாலும் பரவால்ல, எந்திரிச்சுப் போய்ப் பாத்துக்கறோம்"னாரு. நான்தான், பொய் சொல்ற பெட்டிய வெச்சுக்கிட்டு இருக்கக்கூடாது மச்சான்னு சொல்லி மாத்தினேன். அக்கா சந்தோஷப்பட்டா. என்ற தம்பி எழுதின பெட்டின்னு வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டுவா.

அந்தப் போகத்துல அடைக்கு வெச்ச முட்டை பத்தாயிரத்துக்கு மேல. பொரிக்க ரெண்டு நாள்தான் பாக்கி. ஞாயித்துக்கிழமை மிருது நிச்சயத்துக்குத் துணி எடுக்கோணும்னு குடும்பத்தோட கோயமுத்தூர் வந்தாங்க. வழக்கமா அந்தக் கடைசி நாளுங்கள்ல அக்கா ஹேச்சரிய விட்டு நகர மாட்டா. நான்தான் சொன்னேன், போலாம் வாக்கா, ஏதாச்சும்னா பெட்டி மணி அடிக்கும், உன் போனுக்கும் வரும்னு. மத்தியானம் எங்க வீட்லதான் சாப்பிட்டாங்க. எங்க வீட்டம்மா பருப்பு போளி சுட்டா. மச்சான் நாலு திம்பாரு, அன்னைக்கு ஆறு தின்னாரு.

ஒயரு எப்பப் புட்டுக்கிச்சுன்னு தெரியாது. அப்ப ஹீட்டர் எரிஞ்சுக்கிட்டு இருந்திருக்குது. குளிர்ந்திருச்சான்னு பெட்டி கேட்டிருக்கு, இல்லைன்னு வந்திருக்கு. சூடான்னு கேட்டிருக்கு, அதுக்கும் இல்லைன்னு வந்திருக்கு. அப்ப எதையும் மாத்த வேண்டாம்னு, எரிஞ்சது எரிஞ்ச மானிக்கே விட்டிருச்சு. காவலுக்கு இருந்த ஆளு ரெண்டு தடவை எட்டிப் பாத்திருக்கான். டிகிரி இருக்க வேண்டிய இடத்துல மூணு இங்கிலீஷ் எழுத்து. அவனுக்கு என்ன தெரியும்? மணி அடிக்கலையேன்னு போய் உக்காந்துக்கிட்டான்.

சாயங்காலம் அக்கா போன் பண்ணினா. "சென்னி, வா"ன்னு மட்டும் சொன்னா. நான் லேப்டாப்ப எடுத்துக்கிட்டு ஓடினேன். கதவு தொறந்து கெடக்குது. வெயிலத் தூக்கி மூஞ்சியில அடிச்ச மாதிரி ஒரு சூடு. அக்கா கதவுகிட்ட நின்னுக்கிட்டு ஒரு தட்ட காதுகிட்ட வெச்சுக் கேக்கறா. அத வெச்சுட்டு அடுத்த தட்ட எடுத்துக் கேக்கறா. எல்லாத் தட்டையும் கேட்டா. மிருது அழுதுக்கிட்டே, "போதும்மா, விடும்மா"ங்குது. மச்சான் ஒவ்வொரு தட்டா வெளிய தூக்கிட்டுப் போறாரு.

நான் நேராப் பெட்டிகிட்டப் போனேன். என் வேலை அதுதான? போய்ப் பாத்தா, திரையில அந்த மூணு எழுத்து பளிச்சுன்னு இருக்குது. எனக்கு உசுரே திரும்பி வந்துச்சுங்க. அக்காளக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாருக்கா, தப்புச் சொல்லல பாரு, தெரியலைன்னு சரியாத்தான் காட்டியிருக்குது"ன்னேன்.

அக்கா திரும்பி என்னையப் பாத்தா. என்ன பாத்தாளோ. கையில இருந்த தட்டக் கீழ வெச்சுட்டு உள்ற போயிட்டா. மச்சான் ஒரு தட்டத் தூக்கிக்கிட்டு என்னையத் தாண்டிப் போனாரு, "தள்ளு மாப்ள"ன்னாரு. அதுதான் அவரு எங்கூடக் கடைசியாப் பேசினது. தூக்கறதுக்கு ஒத்தாசை பண்ணலைன்னு அப்பறமா எங்க வீட்டம்மா கேட்டா. நான் காரணத்தக் கண்டுபுடிச்சுக்கிட்டு இருந்தேன். காரணம் முக்கியமில்லீங்களா? தட்ட யாரு வேண்ணாலும் தூக்கலாம்.

ராத்திரியே கண்டுபுடிச்சுட்டேன். அந்த வரி மாயமாப் போன கதை. விடிஞ்சதும் ஓடிப் போய்ச் சொன்னேன். தப்பு நம்மளுது இல்லக்கா, கம்பைலர் வரிய எடுத்துப்போட்டான்னு. படம் போட்டுக் காட்டினேன். மச்சான் அங்க முட்டையெல்லாம் பொதைச்ச குழிய மூடிக்கிட்டு இருந்தாரு. மிருதுதான் பாவம் கேட்டுக்கிச்சு. எல்லாம் கேட்டுட்டு, "அந்த உத்தரவப் போட்டது யாரு மாமா?"ன்னுச்சு. அது அப்படிக் கேக்கற கேள்வி இல்ல கண்ணு, அது உலகம் பூரா எல்லாரும் போடறதுதான்னேன். சரிங்க மாமான்னு எந்திரிச்சுப் போயிருச்சு.

கம்பெனியில என்ன பண்ணினாங்க தெரியுமுங்களா? நிலோபரக் கூப்பிட்டுச் சரி பண்ணச் சொன்னாங்க. அது அந்த உத்தரவ எடுத்துட்டு, தெரியலைன்னா மொதல்ல மணி அடின்னு எழுதிப்போட்டு, எல்லாப் பெட்டிக்கும் அனுப்பிச்சு. ரெண்டே வரி. ரெண்டு வரிக்கு அதுக்குக் கை தட்டினாங்க. என்னைய முதலாளி கூப்பிட்டு, "கொஞ்ச நாள் ஓய்வு எடுங்க சென்னியப்பன்"னாரு. நான் எதுக்கு ஓய்வு எடுக்கோணும்? நானே வேலைய விட்டுட்டேன். நானாத்தான் விட்டேன். இப்ப வீட்லதான் இருக்கேன். நேரம் இருக்குது, இதப் பத்தித் தெளிவா எழுதிக்கிட்டு இருக்கேன்.

ஹேச்சரிய மூடிட்டாங்க. குஞ்சு வாங்கறவங்க வேற பக்கம் போயிட்டாங்க, மெஷினக் கரூர்க்காரன் ஒருத்தன் தூக்கிட்டுப் போனான். மச்சான் இப்ப இன்னொருத்தர் பண்ணையில சூப்பர்வைசர். அக்கா திருப்பூர் பனியன் கம்பெனிக்கு செக்கிங் வேலைக்குப் போறா. காலைல கம்பெனி வண்டி வந்து ஏத்திட்டுப் போகும். எங்கக்கா, முட்டையக் காதுல வெச்சுச் சொல்ற எங்கக்கா, பனியன்ல ஓட்டை பாத்துக்கிட்டு இருக்கா. நெசமாத்தான் சொல்றேன். சாப்பாடு எறங்க மாட்டேங்குது. அவ என்னையத் தூக்கி வளத்தவளுங்க.

பேச்சுவார்த்தை இல்லைன்னு சொல்ல மாட்டேன். போறேன், பேசறேன். கோயில் நோம்பிக்குப் போனேன், பேசினேன். எங்க சின்ன மாமன் செத்ததுக்குப் போனப்பக்கூட, பந்தல்ல மச்சான் பக்கத்துல எடம் கெடச்சுச்சு, உக்காந்து முதல்ல இருந்து சொன்னேன். பாதியில எந்திரிச்சுப் போயிட்டாரு. யாருக்குமே பொறுமை இல்லீங்க. பத்து நிமிஷம் காது குடுத்தா முடிஞ்சுரும். அந்தப் பத்து நிமிஷம் இன்ன வரைக்கும் எனக்குக் கெடைக்கல.

போன வாரம் மிருது போன் பண்ணுச்சு. "மாமா, நீங்கதான் எனக்குப் பட்டம் கட்டோணும். வேற யாரும் கட்டக்கூடாது. அப்பாகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க மாமா, எம்மேல தப்புன்னு. அவரு அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காரு"ன்னுச்சு. அழுதுச்சு. இருந்தாலும் பாருங்க, ஒரு வார்த்தையில எப்படிச் சொல்றது? எம்மேல தப்புன்னு சொன்னா, அது சரியான விவரம் இல்லையே. சென்சார் ஒயரு இருக்குது, கம்பைலர் இருக்குது, அந்த எச்சரிக்கைய அவ்வளவு சின்ன எழுத்துல போட்டவன் இருக்கான். அத்தனையும் விட்டுட்டு எம்மேலன்னு மட்டும் சொன்னா, அந்தத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொன்பது மாதிரித்தான். நான் அதச் சொன்னேன். அது போன வெச்சுருச்சு.

பல்லடம் போயிருச்சா? பேச்சுல கவனிக்கவே இல்ல.

ஒரு நிமிஷங்க. போன் அடிக்குது. அக்காதான்! பாத்தீங்களா, அக்காதான் கூப்பிடறா. தட்டச் சித்தெ புடிங்க.

அக்கா... ஆமாக்கா, பஸ்லதான், பல்லடம் தாண்டியாச்சு... ம்... ம்... மிருது கூப்பிடச் சொல்லுச்சா? இல்ல, சாப்பிடல, அங்க வந்து சாப்பிட்டுக்கறேன்... ம்... கேக்குதுக்கா, சொல்லு... சரிக்கா... அது சரிதான்... இல்ல, அதுக்கில்லக்கா, மச்சான் கையப் புடிச்சுக்கறதுக்கு எனக்கு என்ன? தாராளமாப் புடிச்சுக்கறேன். ஆனா தப்பு யாருதுங்கறத அப்படி ஒரே வரியில சொன்னம்னா... அக்கா, சித்தெ கேளு. அந்த உத்தரவு என்னன்னா... அக்கா... அக்கா?

சரி. தட்டக் குடுங்க.

"வீட்டுக்குப் போ சாமி"ன்னுட்டா. திட்டலைங்க. திட்டியிருந்தாப் பரவால்ல. நான் சின்னப் பையனா இருந்தப்ப எனக்குக் காய்ச்சல்னா பேசுவாளே, அந்தக் கொரல்ல சொல்றா. மச்சான் வாசல்லயே நிக்கறாராம். நான் வந்தா கையப் புடிச்சுக்கிட்டு, தப்பு நடந்துபோச்சு மச்சான்னு காதோட சொன்னாப் போதுமாம், யாருக்கும் கேக்க வேண்டாமாம், அவரே கூட்டிட்டுப் போய் மேடையில ஏத்திருவாராம். நான் ஆரம்பிச்ச உடனே அவளுக்குத் தெரிஞ்சுபோச்சாம். "நீ மாற மாட்டே, எம் பொண்ணு கல்யாணத்துல அந்தக் கதை வேண்டாம், வீட்டுக்குப் போ சாமி."

இருங்க, கண்ணத் தொடச்சுக்கறேன். ஒண்ணுமில்ல. எத்தனை தடவைதான் மனுசன் தாங்குவான்?

மண்டபம் அதோ தெரியுது பாருங்க. வாழமரம் கட்டியிருக்குது. வண்டிக எல்லாம் ரோட்டுல நிறுத்திட்டாங்க, அதான் பஸ் நகர மாட்டேங்குது. கொட்டுச் சத்தம் நின்னுருச்சு. மைக்குல என்னமோ சொல்றாங்க, கேக்குதுங்களா? ஜன்னல நல்லாத் தொறங்க.

"மணமகளின் தாய்மாமன் லோகநாதன் அவர்கள் பட்டம் கட்ட மேடைக்கு வரவும்."

லோகநாதனா? அவன் தாய்மாமனே இல்லீங்க! எங்க பெரியப்பன் மகன் அவன். முறைக்கு வேண்ணாத் தாய்மாமன்னு சொல்லிக்கலாம், கூடப் பொறந்தவன் இல்ல. சரியான விவரம் இல்லாம மைக்குல எப்படிங்க சொல்றாங்க? அம்பது ஊருச் சனம் கூடியிருக்குது. எல்லாரும் என்ன நெனப்பாங்க? எங்கக்காளுக்குக் கூடப் பொறந்தவனே இல்லைன்னு நெனைக்க மாட்டாங்களா? மிருது அங்க மணையில குந்தியிருக்கும். தலையத் தூக்கி யாரு வர்றாங்கன்னு பாக்கும்.

என்னது? இறங்கி மச்சான் கையப் புடிங்கங்கறீங்களா? நீங்களுமா? முதல்ல இருந்து அத்தனையும் கேட்டீங்களே. கேட்டும் அதேதான் சொல்றீங்களா?

பரவால்லைங்க. உங்களச் சொல்லிக் குத்தமில்ல. பஸ் சத்தத்துல பாதி கேட்டிருக்காது.

இருங்க, இருங்க. மைக்கு இருக்குதில்ல அங்க? மேடையிலயே மைக்கு இருக்குது. சொந்தம் பூரா ஒரே எடத்துல உக்காந்திருக்குது, மச்சானும் எந்திரிச்சுப் போக முடியாது, பொண்ணோட அப்பன். பத்து நிமிஷம் வேண்டாம், அஞ்சே அஞ்சு நிமிஷம். ஒயருல ஆரம்பிச்சு, படிப்படியா, சின்னப் புள்ளைக்கும் புரியற மாதிரி ஒருக்காச் சொல்லிப்போட்டன்னா எல்லாம் தீந்துரும். தீந்ததும் நானே பட்டத்தக் கட்டிர்றேன்.

கண்டக்டர், இருங்க, ஆள் இறங்குது! காலச் சித்தெ மடக்கிக்கோங்க. தட்டுப் பாத்து, தட்டுப் பாத்து. வர்றேனுங்க.